கூடுதல் உள்ளடக்கமா, பிரித்தெடுத்த உள்ளடக்கமா? வீடியோ கேம் வாங்குவோர் பணம் செலுத்துமுன் பார்க்க வேண்டியவை

நுகர்வோர் வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞராகிய என்னிடம் வரும் புகார்களில் ஒரு வகை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகிறது. வீடியோ கேம் ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கியவர், அதன் கதை முடிவோ, கதைக்கு இன்றியமையாத ஒரு பாத்திரமோ, முன்னோட்டக் காணொளியில் பார்த்த ஒரு பகுதியோ பின்னர் தனி விலைக்கு விற்கப்படுவதை அறிந்து, தாம் ஏமாற்றப்பட்டதாகக் கருதி என்னிடம் வருகிறார். அவருடைய கோபம் பெரும்பாலும் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அவர் சொல்லும் காரணம், வழக்கில் நிற்கும் காரணமாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. சரியான இடத்தைத் தொட்டுப் புகார் எழுதினால் கிடைக்கக்கூடிய நிவாரணம், தவறான இடத்தைத் தொட்டதால் கைநழுவிப் போவதைப் பார்த்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

“விளையாட்டு வெளியானபோதே இந்தப் பகுதியும் தயாராக இருந்தது, வேண்டுமென்றே எடுத்து வைத்துக்கொண்டு தனியாக விற்கிறார்கள்” என்பதே பலரும் முதலில் சொல்லும் வாதம். 2012-இல் வெளியான ‘மாஸ் எஃபெக்ட் 3’ விளையாட்டில் இதே சர்ச்சை எழுந்தது. தொடரின் கதைக்கே அடித்தளமான பண்டைய இனத்தைச் சேர்ந்த ஜாவிக் என்ற பாத்திரம், வெளியீட்டு நாளன்றே 10 டாலர் விலையுள்ள தனி டிஎல்சியாக, அதாவது பதிவிறக்கிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் உள்ளடக்கமாக, வந்தது. அப்பாத்திரத்துக்கான கோப்புகள் சில வட்டிலேயே இருந்ததை விளையாடியவர்கள் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்’ விளையாட்டில் 12 பாத்திரங்கள் வட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திறப்பதற்குப் பின்னர் தனி விலை கேட்கப்பட்டது. தாம் வாங்கி வைத்திருக்கும் வட்டில் இருப்பதையே மறுபடி விலைக்கு வாங்குவது எவருக்கும் எரிச்சலூட்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆயினும், எப்போது தயாரானது என்பதை வைத்து மட்டும் ஒரு வழக்கைக் கட்ட முடியாது. விளையாட்டின் முதன்மைப் பகுதி முடிந்து, கன்சோல் எனப்படும் விளையாட்டுக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களின் தரச் சோதனைக்கு அனுப்பப்பட்டு, வட்டுகள் அச்சாகிக் கடைகளுக்குச் செல்லும் வரை பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஓவியர்களும் கதாசிரியர்களும் அடுத்த வேலையைத் தொடங்கியிருப்பார்கள். அந்த வேலைக்கென்று தனி நிதி ஒதுக்கப்பட்டிருக்கும். வட்டில் ஒரு கோப்பு இருப்பது, பின்னால் வரும் பகுதியோடு இணைவதற்குச் செய்த முன்னேற்பாடாகவும் இருக்கலாம். இந்த விளக்கத்தைப் பொய்யென்று நிரூபிக்க நிறுவனத்தின் உள்ளாவணங்கள் வேண்டும். தனி ஒருவருக்கு அவை எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே நான் கேட்கும் கேள்வி வேறு: பணம் செலுத்திய நேரத்தில் உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது? விற்பனைப் பக்கமும் விளம்பரமும் அட்டைப்பெட்டியும் எதை விளையாட்டின் பகுதியாகக் காட்டின? இந்தக் கேள்விக்கான விடை உங்கள் கையிலேயே இருக்கிறது, அல்லது இருந்திருக்க வேண்டும்.

‘அசுராஸ் ராத்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதுவும் 2012-இல் வந்ததே. அதன் கதையின் உண்மையான முடிவு, ‘நிர்வாணா’ என்ற பெயரில், பணம் கொடுத்துப் பதிவிறக்க வேண்டிய தொகுதியாகப் பின்னர் விற்கப்பட்டது. ஒரு கதையை விலைக்கு விற்பவர், அதன் முடிவு அந்த விலைக்குள் அடங்கவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லக் கடமைப்பட்டவர் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு நேர்மாறானது 2015-இல் வெளியான ‘தி விட்சர் 3’. முதன்மை விளையாட்டு தன்னளவில் முழுமையாக இருந்தது. சிறிய கூடுதல்கள் 16 இலவசமாகவே தரப்பட்டன. பின்னர் விலைக்கு வந்த இரண்டு பெரிய விரிவாக்கங்களும் தனிக் கதைகளைக் கொண்டிருந்தன. வெளியீட்டுக்குப் பிறகு விற்பது குற்றமல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2006-இல் ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் குதிரைக் கவசம் ஒன்றை 2.50 டாலருக்கு விற்றதை இன்றும் பலர் கண்டிக்கிறார்கள்; என் பார்வையில் அதில் பெரிய தவறில்லை, ஏனெனில் அந்தக் கவசத்தை வாங்காதவருடைய விளையாட்டில் எந்தக் குறையும் ஏற்படவில்லை.

உண்மையான ஆபத்து சீசன் பாஸில் இருக்கிறது. இன்னும் உருவாகாத, சில வேளைகளில் பெயர்கூட வைக்கப்படாத உள்ளடக்கத்துக்கு முன்பணம் வாங்கும் ஏற்பாடு அது. “பல புதிய சாகசங்கள்” என்பது போன்ற சொற்றொடருக்குப் பணம் கொடுத்தவர், பின்னால் வந்தது சில உடைகளும் ஆயுத வண்ணங்களும் மட்டுமே என்று முறையிடும்போது, எந்த வாக்குறுதி மீறப்பட்டது என்பதைக் காட்ட அவரிடம் எதுவும் இருப்பதில்லை. கணினி விளையாட்டுகளை இணையவழி விற்கும் ஸ்டீம் தளம் 2024-இன் இறுதியில் கொண்டுவந்த விதிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டவை: சீசன் பாஸ் விற்பவர் அதில் அடங்கும் ஒவ்வொரு பகுதியையும், அது வெளியாகும் உத்தேசக் காலத்தையும் அறிவிக்க வேண்டும், வெளியிடாமல் கைவிட்டால் அந்தப் பகுதிக்குரிய தொகையைத் திருப்பித் தர முன்வர வேண்டும். எந்தத் தளத்தில் வாங்கினாலும் இதே அளவுகோலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பட்டியலும் காலமும் இல்லாத சீசன் பாஸை வாங்க வேண்டாம் என்றே என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

பணத்தைத் திரும்பப் பெறும் கால வரம்பையும் கவனிக்க வேண்டும். ஸ்டீமில் பொதுவாக, வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் மட்டுமே கேள்வியின்றிப் பணம் திரும்பக் கிடைக்கும். கதையின் முடிவு இல்லை என்பதோ இறுதிவரை விளையாடியவருக்கு மட்டுமே தெரியவரும். அதற்குள் அந்த வரம்பு எப்போதோ கடந்து போயிருக்கும். எனவே வெளியீட்டு நாளன்று வாங்காமல், விளையாடி முடித்தவர்களின் விமர்சனங்கள் வரும்வரை பொறுத்திருப்பது பிந்திய எந்தப் புகாரையும்விடப் பயனுள்ள பாதுகாப்பு.

வாங்கிய கூடுதல் பகுதி நிலைத்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ‘டெஸ்டினி 2’ விளையாட்டில் 2020 நவம்பரில், முதன்மைக் கதையோடு சேர்த்து, பணம் பெற்று விற்கப்பட்ட இரண்டு விரிவாக்கங்களின் கதைப் பகுதிகளும் நீக்கப்பட்டன. நின்டெண்டோ நிறுவனத்தின் 3டிஎஸ், வீ யூ ஆகிய கன்சோல்களின் இணையக் கடைகள் 2023 மார்ச்சில் புதிய விற்பனையை நிறுத்தியபோது, அவற்றில் மட்டுமே கிடைத்த கூடுதல் பகுதிகளைப் புதிதாக வாங்கும் வழி அடைபட்டது; பழைய வட்டையோ அட்டையையோ பின்னர் வாங்குபவருக்கு விளையாட்டின் ஒரு பகுதி எட்டாததாகிவிட்டது. நாம் பெறுவது பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே, பொருளின் உடைமை அல்ல. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம், இந்த உண்மையை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் “வாங்குங்கள்” என்று எழுதி விற்பதைத் தடை செய்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல். விளையாட்டு எந்த வயதினருக்கு ஏற்றது என்று மதிப்பிடும் அமைப்புகள் 2018 முதல் அட்டையில் இடும் “விளையாட்டுக்குள் கொள்முதல் உண்டு” என்ற குறிப்பு, விற்கப்படுவது ஒரு தொப்பியா, கதையின் கடைசி அத்தியாயமா என்பதைச் சொல்வதில்லை.

புகார் தர வேண்டிய நிலை வந்தால், முதலில் விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), ரசீது, வாங்கிய தேதி ஆகியவற்றைத் திரட்டுங்கள். விற்பனைப் பக்கங்கள் சத்தமில்லாமல் மாற்றப்படுவதுண்டு என்பதால், பணம் செலுத்தும் நாளிலேயே இவற்றைச் சேமித்து வைப்பது நல்லது. கடிதத்தில் பேராசை, மோசடி போன்ற சொற்களைத் தவிர்த்து, விளம்பரத்தில் காட்டப்பட்டது எது, பெற்ற விளையாட்டில் இல்லாதது எது, அது தனி விலை என்பது எந்தத் தேதியில் முதன்முதலாகத் தெரிவிக்கப்பட்டது என்ற மூன்றையும் வரிசையாக எழுதி, எந்தத் தொகையைத் திரும்பக் கேட்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். முதல் பதில் பெரும்பாலும் தானியங்கி மறுப்பாகவே வரும். அதையும் சேமித்து, மேல்முறையீட்டோடு இணைத்து அனுப்புங்கள்.