மலையேறிப் போகும் கழிவுநீர்

கழிவுநீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதை நம்பித்தான் எந்த ஊரிலும் சாக்கடை கட்டுவார்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் இருக்கும் சவுத் லேக் டாஹோவில் நடப்பது நேர்மாறு. சுத்திகரித்த கழிவுநீரை மோட்டார் போட்டு 2,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள லூதர் கணவாய் வரை ஏற்றி, மறுபக்கச் சரிவில் இறக்கிவிடுகிறார்கள்.

காரணம், ஊருக்குக் கீழே கிடக்கும் டாஹோ ஏரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதிகபட்ச ஆழம் சுமார் 500 மீட்டர். 63 ஓடைகள் வந்து சேர்கின்றன, வெளியே போவது டிரக்கி ஆறு ஒன்றுதான். ஏரித் தண்ணீர் முழுவதும் மாற ஏறக்குறைய 650 ஆண்டுகள் ஆகும். உள்ளே விழுந்த சத்து லேசில் வெளியேறாது.

ஆம், இங்கே வில்லன் சத்துதான். பாசி வளரத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேண்டும். டாஹோவில் இரண்டும் மிகக் குறைவு, அதனால்தான் அத்தனை தெளிவு. 1968இல் தண்ணீருக்குள் இறக்கிய வெள்ளைத் தட்டு சராசரியாக 31 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் 1960 குளிர்கால ஒலிம்பிக் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நடந்த காலத்தையொட்டி வீடுகளும் விடுதிகளும் பெருகின. செப்டிக் டேங்கிலிருந்து கசியும் நீரைப் பிடித்துவைக்க அங்குள்ள மண்ணுக்குத் தெம்பில்லை. கருங்கல் உதிர்ந்த மெல்லிய மண். ஏரியில் பாசி கூடிவருவதை சார்லஸ் கோல்ட்மேன் என்ற விஞ்ஞானி அளந்து காட்டினார்.

சரி, சுத்திகரித்து விட்டால் போதாதா? வழக்கமான நிலையத்தில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், கசடு அடியில் படியும், குளோரின் கிருமியைக் கொல்லும். வெளிவரும் நீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் கரைந்த தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடும். பெரிய ஆறு ஓடும் சமவெளி ஊர் இதைச் சமாளித்துக்கொள்ளலாம், டாஹோவால் முடியாது.

அதனால் 1960களில் உலகமே வந்து பார்த்த ஒரு நிலையத்தைக் கட்டினார்கள். சுண்ணாம்பு கலந்தால் மணிச்சத்து கால்சியத்தோடு சேர்ந்து அடியில் படியும். அதே சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றுவதால், தழைச்சத்தைத் தாங்கிய அம்மோனியா வாயுவாகப் பிரியத் தயாராகிவிடும். அப்புறம் அந்த நீரை உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து மரச்சட்டங்கள் மேல் சிதறவிட்டு, எதிரே காற்றை ஓட்டினால் அம்மோனியா காற்றோடு போய்விடும். கடைசியில் மணல் வடிகட்டி, கரித்தூள் படுக்கை, குளோரின். தாளில் அருமையான திட்டம். மலைக் குளிரில் கோபுரம் படுத்துவிட்டது: குளிர்ந்த நீர் வாயுவை எளிதில் விடாது, உறைபனிக் காலத்தில் கோபுரமே உறையும், போதாக்குறைக்குச் சட்டங்களில் சுண்ணாம்புப் படிவு வேறு.

ஆனால் அவர்கள் கோபுரத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1968 முதலே நீர் கணவாய் தாண்டி ஆல்பைன் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) இண்டியன் கிரீக் நீர்த்தேக்கத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு, ஏரியை நெவாடா மாநிலத்தோடு பகிர்ந்துகொள்ளும் கலிபோர்னியாவின் நீர்ச் சட்டம் தன் பக்கக் கழிவுநீரை ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியே கொண்டுபோவதைக் கட்டாயமாக்கியது. கலிபோர்னியப் பக்க வடகரைக் கழிவுநீரும் இன்று டிரக்கி நகரப் பக்கம் போய்த்தான் சுத்தமாகிறது.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருவது. இண்டியன் கிரீக்கிலும் சத்து சேர்ந்து பாசி மண்டியது. தொல்லை வேறொருவர் வாசலுக்கு இடம் மாறியதுதான் மிச்சம். பிறகு, ஹார்வி பிளேஸ் என்ற தனி நீர்த்தேக்கம் கட்டிக் குளிர்கால நீரைச் சேர்த்துவைத்துக் கோடையில் மேய்ச்சல் நிலங்களுக்குப் பாய்ச்சும் முறைக்கு மாறினார்கள். புல்லுக்குப் போகும் நீரிலிருந்து தழைச்சத்தை ஏன் செலவு செய்து எடுக்க வேண்டும்? அந்த விலையுயர்ந்த கட்டங்கள் தேவையில்லாமல் போயின. ஏரிக்கு நஞ்சாகத் தெரிந்தது மாட்டுத் தீவனத்துக்கு உரம்.

கழிவுநீர் வருவது நின்ற பிறகும் ஏரியின் தெளிவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போதைய சராசரி 20 மீட்டரை ஒட்டித்தான் நிற்கிறது. பனி உருகும்போதும் மழையிலும் சாலைகளிலிருந்து கழுவப்பட்டு வரும் நுண்ணிய துகள்கள் இன்று முக்கியக் காரணம். இதை ஒரே குழாயில் சேர்த்து மலைக்கு அப்பால் அனுப்ப வழியில்லை என்பதால், தெருத்தெருவாக மழைநீர் வண்டலைத் தேக்கும் குழிகள் வெட்டுவது, ஈரநிலங்களைச் சீராக்குவது என்று வேலை நடந்துகொண்டிருக்கிறது.