கண்வலிக் கிழங்கு: வாந்தி நின்றதும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்

மழை விழுந்தபின் காட்டு வேலிகளில் சிவந்து பூக்கும் செங்காந்தளை நின்று ரசிக்கலாம், தப்பில்லை. நம் மாநில மலர் அது. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்குக் கவலை தருவது கண்வலிக் கிழங்கு என்று சொல்லும் அதன் கிழங்கும், விதையும்தான்.

கோடையில் கொடி காய்ந்து இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வேறு எதற்கோ தோண்டும்போது கையில் கிடைத்தால், இன்னதென்று காட்டிக்கொடுக்க இலையும் இல்லை, பூவும் இல்லை. சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிர் செய்கிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், கௌட் என்ற மூட்டுவலிக்கு மருந்து. ‘மருந்துச் செடிதானே’ என்ற தைரியம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு மாத்திரையில் இருப்பது வெறும் அரை மில்லிகிராம். அதையே நாங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் எழுதுகிறோம். கிழங்கை அரைத்துக் கொடுப்பவருக்கு அதில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சாப்பிட்டவுடன் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுவலி, பேதி. பார்க்க ஃபுட் பாய்சன் மாதிரியே இருக்கும். குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்சம் தெளிவார்கள். உறவினர்கள், ‘சரி டாக்டர், நாங்க கூட்டிட்டுப் போறோம்’ என்பது இந்தக் கட்டத்தில்தான். உண்மையான ஆபத்து அதற்கப்புறம் இருக்கிறது.

செல்கள் பிரிந்து பெருகுவதை கோல்ச்சிசின் தடுக்கிறது. அதனால் வேகமாகப் பெருகும் இடங்களில் அடி பலமாக விழும். முதலில் குடல். இரண்டாம், மூன்றாம் நாளில் ரத்த அழுத்தம் இறங்கலாம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிக்கப்படலாம். எலும்பு மஜ்ஜை அடிபட்டு வெள்ளையணுக்கள் குறைந்தால், சாதாரணக் கிருமியே உயிருக்கு உலை வைக்கும். பிழைத்தவர்களுக்குச் சில நாட்கள் கழித்து முடி கொத்தாக உதிரும். அது திரும்ப முளைத்துவிடும், பயப்பட வேண்டாம்.

எங்கள் கைவசம் இதற்கு முறிவு மருந்து கிடையாது. டயாலிசிஸ் செய்தும் இந்த நஞ்சை வெளியேற்ற முடியாது. சீக்கிரம் வந்தால் நஞ்சை உறிஞ்சும் மருத்துவக் கரித்தூள் கொடுத்து, உடம்பு சேர்த்துக்கொள்ளும் அளவைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆகவே அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதைக் குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கிழங்கைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். கொடி இருந்தால் போட்டோவும் எடுங்கள். நுனி சுருண்டு பற்றிப் படரும் இலையைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பிரசவ வலி வரக் கிழங்கை அரைத்துப் பூசும் பழக்கம் இன்னும் எங்கேயாவது இருந்தால் நிறுத்திவிடுங்கள். பயிர் செய்கிறவர்கள் விதைக் கிழங்கைச் சமையல் காய்களோடு வைக்க வேண்டாம். கிழங்கையும் விதையையும் கையுறை போட்டே கையாளுங்கள். காய் வெடித்தால் உள்ளே செக்கச்செவேல் என்று விதைகள் இருக்கும், குழந்தைகளுக்கு மிட்டாய் மாதிரி தெரியும். அதைக் காயவைக்கும் களத்தில் அவர்களை விளையாட விடாதீர்கள்.