கப்பல் எண்ணெய்க்குக் கந்தக வரம்பு: நுண்ணுயிரிகளுக்கு இதில் என்ன வேலை?

கடலில் ஓடும் கப்பல் எரிக்கும் எண்ணெயில் கந்தகம் 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஆறாவது இணைப்பு சொல்லும் இந்த வரம்பு 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்க நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 3.50 சதவீதம் வரை விட்டிருந்தார்கள். அதாவது 1,000 டன் எண்ணெயில் 35 டன் கந்தகம் இருக்கலாம் என்பது 5 டன்னாகச் சுருங்கியது. பால்டிக் கடல், வட கடல் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 0.10 சதவீதம்தான், 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடலிலும் அதே அளவு.

கிணற்றிலிருந்து வரும் கச்சா எண்ணெய்க்கு இந்த வரம்பு கிடையாது. ஆனால் அதைக் காய்ச்சி வடிக்கும்போது கந்தகத்தில் பெரும்பங்கு அடியில் தங்கும் கனமான எண்ணெயில்தான் சேர்கிறது. கப்பல்கள் காலங்காலமாக எரித்து வந்ததும் அதைத்தான்.

எண்ணெய் நிரப்பும்போது விற்பவர் தரும் ரசீதில் கந்தக அளவு எழுதியிருக்க வேண்டும். அந்த ரசீதை 3 ஆண்டுகளும், முத்திரையிட்ட மாதிரிக் குப்பியைக் குறைந்தது 12 மாதங்களும் பத்திரப்படுத்த வேண்டும். புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் பொருத்திய கப்பல் மட்டும் கந்தகம் கூடிய எண்ணெயை எரிக்கலாம். மற்றவை எரிப்பதற்காக அதைத் தொட்டியில் வைத்திருப்பதே குற்றம்.

கந்தகத்தை எந்த வழியில் எடுப்பது என்று விதி சொல்லவில்லை. நுண்ணுயிரிகளுக்கான கதவு இங்கேதான் திறக்கிறது. ஆலைகள் 300 முதல் 400 டிகிரி வெப்பத்தில், உயர் அழுத்த ஹைட்ரஜனால் கந்தகத்தைப் பிரிக்கின்றன. எண்ணெயில் கந்தகத்தைச் சுமக்கும் டைபென்சோதயோபீன் வகை மூலக்கூறுகள் அதற்கும் எளிதில் மசிவதில்லை. கந்தக அணு வளையங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். ரோடோகாக்கஸ் இனத்தின் ஐஜிடிஎஸ்8 என்ற பாக்டீரியாவோ 30 டிகிரி அளவிலேயே, நான்கு நொதிப் படிகளில் அந்த அணுவை மட்டும் கழற்றிவிடுகிறது. கார்பன் சட்டகம் உடையாததால் எண்ணெயின் எரிதிறன் அவ்வளவாகக் குறையாது. கெட்டிக்கார வேலைதான்.

சிக்கல், பாக்டீரியாவுக்குத் தண்ணீர் வேண்டும். எண்ணெயைப் பொடித் துளிகளாக நீரில் கலக்கி, வேலை முடிந்ததும் மறுபடி பிரிக்க வேண்டும். வினையில் பிறக்கும் ஹைட்ராக்ஸிபைஃபீனைல் அந்த நொதிகளையே முடக்குகிறது. கனமான, பிசுபிசுப்பான எண்ணெயில் வேகம் இன்னும் குறையும். அதனால் ஆய்வுக்கூடத்தில் ஜொலித்த முறை ஆலைகளில் வழக்கத்துக்கு வரவில்லை.

"உயிரித் தொழில்நுட்பத்தில் சுத்திகரித்தது" என்று நாளை யாராவது எண்ணெய் விற்றாலும் சலுகை எதுவும் கிடையாது. துறைமுக அதிகாரி பார்ப்பது ரசீதில் உள்ள கந்தக அளவையும் குப்பியின் சோதனை முடிவையும்தான்.