மேஜை ஓரத்தில் திரும்பும் ரயில்: மாடல் தண்டவாளத்துக்கு எவ்வளவு வளைவு தாங்கும்?

டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் டோக்கைடோ ஷின்கான்சென் என்னும் புல்லட் ரயில் பாதையை வடிவமைத்தபோது, ரயில் முழு வேகத்தில் ஓடும் பகுதிகளுக்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் 2500 மீட்டர் என்று வைத்தார்கள். ஷின்கான்சென் மாடல்கள் 160-இல் ஒரு பங்கு அளவில் வருகின்றன. அந்தக் கணக்குப்படி நம் மேஜையில் வளைவின் ஆரம் 15 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ 282 மில்லிமீட்டர். அதை 160 ஆல் பெருக்கினால் 45 மீட்டர்தான் வரும். நிஜ ஷின்கான்சென் பெட்டியின் நீளமே 25 மீட்டர். அந்த வளைவில் அதைத் திருப்பவே முடியாது.

மாடல் மட்டும் எப்படித் திரும்புகிறது? தயாரிப்பாளர்கள் அதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். சக்கரங்களைத் தாங்கிச் சுழலும் சட்டகமான போகி, நிஜத்தைவிட அதிகமாகத் திரும்ப இடம் விட்டிருக்கிறார்கள். பெட்டிகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளியும் வைத்திருக்கிறார்கள். இந்தச் சலுகைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை பெட்டிக்குப் பெட்டி மாறும் என்பதுதான் தண்டவாளம் வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஜப்பானில் வீடுகள் சின்னவை. அதனால் அங்கே 9 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் ‘N கேஜ்’ என்ற மாடல் வகைதான் பரவலாக இருக்கிறது. புல்லட் ரயில் அல்லாத சாதாரண ரயில்களுக்கு அளவு 150-இல் ஒரு பங்கு. மாடல் ரயில் தயாரிக்கும் காட்டோ நிறுவனத்தின் வளைவுகள் 249, 282, 315, 348 மி.மீ. ஆரம் என்று 33 மி.மீ. இடைவெளியில் ஏறும். இன்னொரு தயாரிப்பான டோமிக்ஸில் 280, 317 என்று 37 மி.மீ. இடைவெளி. இவை போக, குட்டி வளைவுகளும் உண்டு: காட்டோவில் 117, 150, 183, டோமிக்ஸில் 103, 140, 177. 140 மி.மீ. வளைவு என்றால் ஒரு முழு வட்டமே சின்ன டீப்பாய்க்குள் அடங்கிவிடும். ஆசை வருவது இங்கேதான்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மீட்டர் நீளமுள்ள ஜப்பானியப் பயணிகள் பெட்டி மாடலில் 133 மி.மீ. இருக்கும். இரண்டு போகிகளின் மையங்களுக்கு நடுவே சுமார் 92 மி.மீ. போகிகள் வளைவின் மேலேயே இருக்கும், பெட்டி வளையாது. ஆகவே பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் பிதுங்கும், இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் நீட்டும். 282 மி.மீ. வளைவில் இந்தப் பிதுக்கம் ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. அளவுக்கு வரும். 140 மி.மீ. வளைவில் அது 8 மி.மீ. ஆகிவிடும். பெட்டியின் அகலமே 19 மி.மீ.தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு அதிகம் என்று புரியும். போகியும் முதல் வளைவில் சுமார் 9 டிகிரி திரும்பினால் போதும்; இரண்டாவதில் 19 டிகிரி திரும்ப வேண்டும். அதற்குள் சக்கரம் பெட்டியின் அடிப்பாகத்தில் இடித்துவிடலாம்.

இது கண்ணுக்குத் தெரியும் பிரச்சினை. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று சக்கரத்தில் இருக்கிறது, எனக்கு இதுவே மிகவும் பிடித்த பகுதி. ரயிலின் ஓர் அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே சுழலும். கைகோத்து நடக்கும் இருவர் தெருமுனையில் திரும்பும்போது வெளிப்பக்கம் இருப்பவர் எட்டி நடந்தாக வேண்டும். ரயில் சக்கரத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நிஜ ரயிலில் சக்கரத்தின் ஓடுபரப்பை லேசான கூம்பு வடிவில் கடைந்திருப்பார்கள். வளைவில் அச்சு சற்றே வெளிப்பக்கம் நகரும். அப்போது வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் சின்ன விட்டத்திலும் உருளும், இரண்டு தண்டவாளங்களின் நீள வித்தியாசம் சரியாகிவிடும். ஷின்கான்சென் வளைவில் அந்த வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மாடலில் என்ன ஆகிறது? 9 மி.மீ. பாதையில் ஒரு முழு வட்டம் சுற்றினால், வெளித் தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிடச் சுமார் 57 மி.மீ. நீளம். வட்டம் பெரிதோ சிறிதோ, இந்த 57 மாறாது. சின்ன வட்டத்தில் அதே 57 மி.மீ. குறைந்த தூரத்துக்குள் வந்துவிடுகிறது. 282 மி.மீ. வளைவில் வித்தியாசம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல், 140-இல் 6 சதவீதத்துக்கும் மேல். இவ்வளவையும் கூம்பால் ஈடுகட்ட முடியாது. மிச்சத்துக்குச் சக்கரம் வழுக்கித்தான் போக வேண்டும். நேர்பாதையில் சுளுவாக ஓடும் இன்ஜின் குறுகிய வளைவில் வேகம் குறைந்து திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் இழுவை. முன்னே இழுக்கும் இன்ஜின் வளைவில் பெட்டியை உள்பக்கமும் இழுக்கிறது. அந்த உள்விசை, இழுவிசையைப் பெட்டியின் நீளத்தால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதற்கு நெருக்கமாக இருக்கும். நம் 133 மி.மீ. பெட்டிக்கு 282 வளைவில் இழுவிசையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 140-இல் இழுவிசைக்கே கிட்டத்தட்ட சமம். நீளமான தொடரில் முன்பக்கப் பெட்டிதான் பின்னால் வரும் அத்தனையின் பாரத்தையும் தாங்குகிறது. லேசான பெட்டி அங்கே இருந்தால் உள்பக்கம் சாய்ந்து தடம்புரளும். சரக்கு ரயில் ஓட்டுபவர்கள் கனமான வண்டிகளை இன்ஜினை ஒட்டியும் காலி வண்டிகளைக் கடைசியிலும் கோப்பது இதனால்தான்.

அமெரிக்க மாடல் ரயில்காரர்களிடம் எளிய விதி ஒன்று புழங்குகிறது. உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை அளந்துகொள்ளுங்கள். ஆரம் அதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் சில வண்டிகள் ஓடும். இரண்டரை மடங்கு இருந்தால் பெரும்பாலானவை ஒழுங்காக ஓடும். மூன்று மடங்குக்கு மேல் போனால் பார்க்கவும் நன்றாக இருக்கும். 133 மி.மீ. பெட்டிக்கு 282 என்பது இரண்டு மடங்கை இப்போதுதான் தாண்டுகிறது. 156 மி.மீ. நீளமுள்ள ஷின்கான்சென் பெட்டிக்கு 315 வேண்டும். இடம் இருந்தால் 348-க்குப் போய்விடுங்கள் என்பேன்.

இடமே இல்லை என்றால்? வளைவைக் குறுக்கி நீளப் பெட்டியை அதில் திணிக்காமல், வளைவுக்கேற்ற ரயிலைத் தேடுவதுதான் சரி. கமகுராவுக்கும் புஜிசாவாவுக்கும் நடுவே 10 கிலோமீட்டர் ஓடும் எனோடென் ரயிலைப் பாருங்கள். வீடுகளை உரசிக்கொண்டும், எனோஷிமா பக்கம் தெரு நடுவிலும் போகும் அந்தப் பாதையில் 28 மீட்டர் ஆரமுள்ள வளைவு நிஜமாகவே இருக்கிறது. 150 ஆல் வகுத்தால் 187 மி.மீ. காட்டோவின் 183 மி.மீ. வளைவு கிட்டத்தட்ட அசலின் அளவு! பெட்டிகளும் 12 மீட்டர் சொச்சம்தான். இரண்டு பெட்டிகள் நடுவில் ஒரே போகியைப் பகிர்ந்துகொள்ளும். குட்டி மேஜையில் இந்த ரயில் ஓடினால் அதில் பொய்யே இல்லை.

வளைவைப் போடும் விதத்திலும் நிறையச் சம்பாதிக்கலாம். நேர்பாதையிலிருந்து சட்டென்று 249-க்குள் நுழையாமல், தொடக்கத்திலும் முடிவிலும் 348-இல் ஒரு துண்டு வைத்தால் ரயில் குலுங்காமல் திரும்பும். இடப்பக்க வளைவையும் வலப்பக்க வளைவையும் ஒட்டியே வைக்கக் கூடாது. அங்கே பக்கத்துப் பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்த் திசையில் விலகி, பெட்டிகளை இணைக்கும் கொக்கியான கப்ளிங் பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து தள்ளிவிடும். நடுவில் குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்த்துண்டு வேண்டும்.

பிளாட்பாரமும் சிக்னல் கம்பமும் ஒட்டுவதற்கு முன்பு, தண்டவாளத்துக்கு அடியில் காகிதம் விரியுங்கள். மிக நீளமான பெட்டியின் நடுவில் உள்பக்கமும், மூலையில் வெளிப்பக்கமும் பென்சில் முனையைக் கட்டி, கையால் மெதுவாக வளைவு முழுக்கத் தள்ளுங்கள். விழும் இரண்டு கோடுகளுக்கும் வெளியே இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி எதையும் கட்டலாம்.