மை கொட்டிய பக்கமும் ஸ்கேன் ஆவது எப்படி?

கார்த்திகை மாதத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளையின் அறிவியல் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். ஓரமெல்லாம் சுருண்டிருக்கும். அடைமழையில் பை நனைந்ததால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது லேசாக உரிந்திருக்கும். பாடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் கோடு மேல் நீல மை ஒரு பொட்டு விழுந்திருக்கும். ஆனாலும் செல்போனை நீட்டினால், டக்கென்று பாடத்தின் பக்கம் திறந்துகொள்ளும்.

கல்வியில் புதிய தொழில்நுட்பம் என்றாலே செயற்கை நுண்ணறிவு, மெய்நிகர் வகுப்பறை என்று பெரிய பெயர்கள்தான் முதலில் வந்து நிற்கின்றன. எனக்கென்னவோ அவற்றையெல்லாம்விட இந்த மைப்பொட்டு சமாச்சாரம்தான் வியப்பாக இருக்கிறது. வழியில் ஒரு பங்கு கெட்டுப்போகும், ஒரு பங்கு தொலைந்துபோகும் என்று முன்னதாகவே கணக்குப் போட்டுவிட்டுத்தான் செய்தியை அனுப்புகிறார்கள். புத்தகத்தில் இருக்கும் கோடு, வீடியோ பாடம், நேரலை வகுப்பு மூன்றும் நிற்பது இந்த ஏற்பாட்டின் மேல்தான்.

க்யூஆர் கோடு பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்ததல்ல. ஜப்பானில் டென்சோ நிறுவனக் குழுமத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994இல் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக இதை உருவாக்கியது. பழைய பட்டைக்கோட்டில் (பார்கோடு) இருபது எழுத்து அடங்குவதே பெரும்பாடு. தொழிற்சாலை என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் கறையும் இருக்கத்தான் செய்யும். அந்தக் கறையைத் தாங்க வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே நிபந்தனை. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் இந்தக் கோடு ஏறியது. மத்திய அரசின் திக்‌ஷா தளத்தோடு அது இணைக்கப்பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோட்டுக்குள் பாடம் கிடையாது. இணைய முகவரி மட்டும்தான் இருக்கிறது. அச்சான பிறகும் முகவரியின் மறுமுனையில் இருக்கும் வீடியோவை மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம் என்பதுதான் இதில் உள்ள வசதி. மறுமுனையை யாரும் கவனிக்காமல் விட்டால், கோடு மட்டும் அருமையாக ஸ்கேன் ஆகும், உள்ளே ஒன்றும் இருக்காது. அது தொழில்நுட்பத்தின் குற்றமில்லை, சரி.

கேமரா என்ன செய்கிறது? படத்தின் நிறத்தையெல்லாம் முதலில் தள்ளிவிடுகிறது. வெளிச்சம், இருட்டு இரண்டு மட்டும் போதும். பிறகு படத்தின் குறுக்கே வரி வரியாக ஓடி ஒரு தாளத்தைத் தேடுகிறது: கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு மூன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. கோட்டின் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களின் நடுவே எந்தத் திசையில் வெட்டினாலும் இந்த 1:1:3:1:1 விகிதம்தான் கிடைக்கும். ஹாராவின் குழு பத்திரிகை, விளம்பரத் தாள், அட்டைப்பெட்டி என்று அச்சான பொருள்களையெல்லாம் அலசி, அவற்றில் அரிதாகவே வரும் விகிதம் இது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதனால்தான் பக்கத்தில் எவ்வளவு எழுத்தும் படமும் இருந்தாலும் போன் குழம்புவதில்லை. மூன்று சதுரம் கிடைத்ததும் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்பது தெரிந்துவிடும். நாலாவது மூலையில் பெரிய சதுரம் இல்லாததே திசைக்கு அடையாளம். புத்தகம் வளைந்திருந்தால் உள்ளே இருக்கும் சிறிய சதுரத்தை வைத்து அந்த வளைவையும் நிமிர்த்திக்கொள்கிறது.

அப்புறம் கட்டங்களை எண்ண வேண்டியதுதான். கறுப்பு 1, வெள்ளை 0. ஒரு கட்டம் ஒரு பிட், எட்டு கட்டம் சேர்ந்தால் ஒரு பைட்.

இனிதான் மைப்பொட்டு. 1960இல் அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் இருந்த இர்விங் ரீட், குஸ்தவ் சாலமன் என்ற இருவர் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். அதன் உள்ளர்த்தத்தை ஒரு வரைபடத் தாளிலேயே பார்த்துவிடலாம். 3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். தாளின் முதல் நெட்டுக்கோட்டில் 3 உயரத்தில் ஒரு புள்ளி, அடுத்த நெட்டுக்கோட்டில் 5 உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, ஸ்கேலால் இணைத்து அப்படியே நீட்டுங்கள். அடுத்த இரண்டு நெட்டுக்கோடுகளில் அது 7, 9 உயரத்தில் வெட்டும். இந்த உபரி எண்கள்தான் காப்பு. இப்போது 3, 5, 7, 9 நான்கையும் அனுப்புகிறோம். வழியில் 5 கெட்டு 8 ஆகிவிட்டது; போய்ச் சேர்ந்தது 3, 8, 7, 9. வாங்கியவர் புள்ளி வைத்துப் பார்த்தால் 3, 7, 9 மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும், 8 மட்டும் விலகி நிற்கும். வேறு எந்த மூன்றை எடுத்தாலும் நேர்கோடு வராது. ஆக, கெட்டது எது என்பதும் தெரிந்தது, அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது 5 என்பதும் தெரிந்தது. அனுப்பியவரிடம் திரும்பக் கேட்கவே வேண்டாம்.

க்யூஆர் கோட்டில் நேர்கோட்டுக்குப் பதிலாகப் பல வளைவுகள் கொண்ட கோடும், 256 எண்களுக்குள்ளேயே சுற்றிவரும் ஒரு தனிக் கணக்கும் இருக்கின்றன. வாசல் வேறு, வீடு ஒன்றுதான். நீளத்தில் 29, அகலத்தில் 29 கட்டம் கொண்ட க்யூஆர் கோட்டை எடுத்துக்கொள்வோம். அதில் மொத்தம் 70 பைட். நடுத்தரக் காப்பு நிலையில் அச்சிட்டால் 44 பைட் செய்திக்கு, 26 பைட் காப்புக்கு. ஒரு பிழையைத் திருத்த இரண்டு காப்பு பைட் தேவை. ஒன்று இடத்தைக் கண்டுபிடிக்க, இன்னொன்று மதிப்பைக் கண்டுபிடிக்க. ஆகவே 13 பைட் வரை கெட்டாலும் செய்தி முழுசாக வந்துவிடும். காப்பில் நாலு நிலைகள் உண்டு: சுமாராக 7, 15, 25, 30 சதவீதச் சேதம் வரை தாங்கும். காப்பு கூடக் கூட அதே அளவு கட்டத்தில் செய்திக்கான இடம் குறையும்.

மைக்கறைக்கு இந்த முறை ஏன் இவ்வளவு பொருத்தம்? கறை எப்போதும் ஒரே இடத்தில் பொட்டாக விழும். ரீட்-சாலமன் கணக்கில் ஒரு பைட்டில் ஒரு கட்டம் கெட்டாலும் ஒரு பிழைதான், எட்டும் கெட்டாலும் ஒரு பிழைதான். அதனால் ஓரிடத்தில் குவிந்த சேதம் மலிவாக முடிந்துவிடுகிறது. அதே அளவு மையைக் கோடு முழுக்கத் துளித் துளியாகத் தெளித்தால் கோடு படுத்துவிடும்.

வீட்டில் புத்தகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கோட்டின் பெரிய சதுரம் இல்லாத மூலையில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். அதே துண்டைப் பெரிய சதுரம் ஒன்றின் மேல் வையுங்கள். அநேகமாகப் போன் பார்த்துக்கொண்டே நிற்கும். கணக்கின் காப்பெல்லாம் செய்திப் பகுதிக்குத்தான், அந்த மூன்று சதுரங்களுக்கு இல்லை. பிள்ளைகள் அந்தச் சதுரங்களுக்குப் பேனாவால் கண், மூக்கு வரையாமல் இருந்தால் போதும்.

முகவரி கிடைத்தது. அடுத்து வீடியோ வர வேண்டும். அது வேறு மாதிரி வேலை. 640க்கு 360 புள்ளி உள்ள சாதாரணப் படத்தை, நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்) என்று அப்படியே அனுப்பினால் நொடிக்குச் சுமார் 69 மெகாபிட் ஆகும். கிராமத்து 4ஜி அதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிடும். ஆனால் கரும்பலகை முன்னால் நின்று டீச்சர் பேசும்போது ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் என்ன மாறுகிறது? கையும் வாயும்தான். முழுப் படத்தை எப்போதாவது ஒருமுறை அனுப்பிவிட்டு, நடுவில் மாறியதை மட்டும் சொன்னால் போதும். 2003இல் வந்த எச்.264 போன்ற முறைகள் இப்படித்தான் அதை அரை மெகாபிட் அளவுக்குச் சுருக்குகின்றன. அசையாத பலகைப் பாடம் நன்றாகச் சுருங்கும். பின்னணியில் தென்னங்கீற்று ஆடிக்கொண்டிருந்தால் சுருங்காது. வீட்டுத் திண்ணையிலிருந்து பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம்.

பதிவு செய்த பாடத்தைச் சர்வர் சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கும். ஒவ்வொரு துண்டும் மங்கல், நடுத்தரம், தெளிவு என்று பல தரத்தில் இருக்கும். போன், போன துண்டு எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவெடுக்கிறது. முதல் சில நொடி படம் மங்கலாக இருந்து, பிறகு தெளிவது இதனால்தான். வேகமாக வரும்போது முன்கூட்டியே நாலைந்து துண்டுகளை இறக்கிச் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: முறைத் தண்ணீர் வரும்போது குளத்தை நிரப்பிக்கொண்டு, வாய்க்கால் வற்றிய நாளில் குளத்திலிருந்து பாய்ச்சுவது நமக்குப் பழக்கம்தானே. வீடியோவுக்குக் கீழே ஓடும் கோட்டுக்கு முன்னால் வெளிறிய பட்டை ஒன்று நீள்கிறதே, அதுதான் குளத்தின் அளவு. சிக்னல் அரை நிமிடம் போனாலும் பட்டை இருக்கும் வரை பாடம் ஓடும்.

நேரலை வகுப்பில் இந்த வசதி கிடையாது. டீச்சர் இன்னும் சொல்லாத வாக்கியத்தை எப்படிச் சேமிப்பது? இணையத்தில் எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும்; வழியில் தொலைந்த பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு நகர்ந்துவிடும். அதனால் நேரலை மென்பொருள்கள் பெரும்பாலும் தொலைந்ததைத் தொலைந்ததாகவே விட்டுவிட்டு முன்னேறுகின்றன. படத்துக்கு இது பெரிய அடி. மாறியதை மட்டும் சொல்லும் சட்டகம் ஒன்று தொலைந்தால், அதை நம்பி நிற்கும் அடுத்தடுத்த சட்டகங்களும் கெட்டு, முகம் கட்டம் கட்டமாக உடையும், இல்லாவிட்டால் உறைந்து நிற்கும். அடுத்த முழுப் படம் வந்தால்தான் சரியாகும்.

குரல் மட்டும் எப்படித் தப்பிக்கிறது? 2012இல் பொதுத் தரமாக வந்த ஓபஸ் என்ற ஒலி முறையைப் பல நேரலைச் செயலிகள் பயன்படுத்துகின்றன. அது குரலை வழக்கமாக 20 மில்லிநொடித் துணுக்குகளாக வெட்டுகிறது. தேவைப்பட்டால் ஒவ்வொரு பொட்டலத்திலும் முந்தைய துணுக்கின் மட்டமான நகல் ஒன்றையும் செருகி அனுப்பும். ஒன்று தொலைந்தால் அடுத்ததில் அதன் நகல் இருக்கும். அதுவும் இல்லையென்றால், கடைசியாகக் கேட்ட ஒலியையே கொஞ்சம் நீட்டி மெல்லத் தேய்த்து இடைவெளியை மறைத்துவிடும். நம் காது அதைக் கண்டுகொள்வதில்லை. படம் உறைந்த பிறகும் ‘கேக்குதாப்பா?’ என்ற குரல் தெளிவாக வருவதன் ரகசியம் இதுதான்.

சிக்னலே ஏன் இப்படிக் கண்ணாமூச்சி ஆடுகிறது என்றால், காவிரி டெல்டாவில் மலை இல்லை. சமவெளி அலைகளுக்கு நல்லதுதான். ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் அடர்ந்த தென்னந்தோப்புகள் இருக்கின்றன. இலைக்குள் இருக்கும் தண்ணீர் வானொலி அலையை உறிஞ்சும். நனைந்த இலை இன்னும் கூடுதலாக. அதிர்வெண் கூடினால் இழப்பும் கூடும். 5ஜிக்கான 3500 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட 700, 850 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தோப்புக்குள் நன்றாக நுழையும். 5ஜி போன் வாங்கியும் தோப்பு வீட்டில் 4ஜி என்றே காட்டுவதற்குப் பல சமயம் இதுவும் ஒரு காரணம்.

‘மழை பெய்தால் சிக்னல் போய்விடும்’ என்பது ஊரெல்லாம் சொல்கிற பேச்சு. போனுக்கும் டவருக்கும் இடையில் ஓடும் இந்த அலைகளை மழைத்துளிகள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மொட்டைமாடியில் இருக்கும் டிடிஎச் டிஷ் சுமார் 12 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. கனமழையில் அது நின்றுபோவது உண்மை. டவருக்கும் டவருக்கும் இடையே நுண்ணலை இணைப்பு இருந்தால் அதுவும் திணறலாம். மற்றபடி மழை நாளில் போன் சாவதற்குப் பெரும்பாலும் மின்வெட்டும், டவரின் பேட்டரி தீர்ந்துபோவதும்தான் காரணம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்களோடு செல்போன் டவர்களும் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் வரவே வாரக்கணக்கில் ஆனது. அந்த நிலையில் எந்தக் காப்புக் கணக்கும் எடுபடாது. அனுப்பியதில் ஒரு பங்காவது வந்து சேர்ந்தால்தான் மீதியைக் கணக்குப் போட முடியும்.

மற்ற நாட்களுக்கு ஒரு கணக்கு பார்ப்போம். முக்கால் மணி நேர வகுப்பு, அரை மெகாபிட் வேகத்தில் வீடியோவாக வந்தால் ஏறக்குறைய 170 எம்பி. அதே வகுப்பின் குரல் மட்டும், நொடிக்கு 32 கிலோபிட்டில், 11 எம்பிக்குள் அடங்கிவிடும். பலகையைப் பத்துப் புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றையும் 100 கேபிக்குச் சுருக்கினால் இன்னொரு எம்பி. ஆக 12 எம்பி. ஒரு வீட்டில் ஒரே போன், மூன்று பிள்ளைகள், தினம் இவ்வளவுதான் டேட்டா என்ற நிலையில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ‘எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க’ என்று கட்டளையிடும் வகுப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாற்பது முகங்களும் ஒரே டவர் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை, டவரிலிருந்து வரும் பாதையைவிட வழக்கமாக ஒடுக்கமானது. அங்கே முதலில் நெரிபடுவது, சந்தேகம் கேட்க வாயெடுத்த பிள்ளையின் குரல்.