கேலரின்னா என்ன, அதுக்குச் சரியான தமிழ் எது?

இப்ப கேலரின்னு சொன்னா கிரவுண்டுல படிப்படியா உக்கார்ற இடம், போன்ல போட்டோ கிடக்குற இடம், அப்புறம்தான் ஓவியம் மாட்டுற இடம். ஆனா பழைய அர்த்தம் இது எதுவுமே இல்ல. இடைக்கால லத்தீன்ல இருந்து இத்தாலியன், பிரெஞ்சு வழியா வந்த சொல் இது, கூரை போட்ட நீளமான நடைக்குப் பேரு. அப்படிப் பாத்தா ராமேஸ்வரம் கோயிலோட மூணாம் பிரகாரம்தான் அசல் கேலரி, அதுக்குக் கல்வெட்டுத் தமிழ்ல திருச்சுற்று மாளிகைன்னு அழகான சொல்லே இருக்கு.

நடை எப்படி ஓவியக்கூடம் ஆச்சுன்னா, 1580கள்ல இத்தாலியில இருக்குற புளோரன்ஸ்ல உஃபீசி கட்டடத்தோட மேல்தள நடையில அந்த ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக்காரங்க சிலை, ஓவியம்னு வரிசையா வச்சாங்க, நடந்துகிட்டே பாக்குற இடமாச்சு, பேரும் அப்படியே ஒட்டிக்கிச்சு. பாரிஸ் சலோன் கண்காட்சியில தரையில இருந்து கூரை வரைக்கும் நெருக்கி மாட்டுவாங்க, மேல போன படத்தை யாரும் சரியா பாக்க முடியாது, அதனால கண் மட்டத்துல இடம் கிடைக்கிறதே பெரிய கௌரவம். 20-ஆம் நூற்றாண்டுல வெள்ளைச் சுவர், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல தாராளமா இடம், சத்தமே இல்லாத ரூம்னு மாறிப்போச்சு, 1976-ல பிரையன் ஓ'டோஹர்ட்டிங்கிற கலை விமர்சகர் இதை 'ஒயிட் கியூப்'னு, அதாவது வெள்ளைப் பெட்டின்னு சொல்லி, அந்த வெள்ளைச் சுவரும் நம்ம பார்வையை நடத்துதுன்னு விளக்கமா எழுதினாரு.

இதை நேர்ல புரிஞ்சுக்க ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துக்குப் போய்ப் பாருங்க. சேதுபதிகளோட அரண்மனை, 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் சுவர், தூண், வளைவுன்னு எல்லாத்துலயும் இருக்கு. கீழ, வந்து போறவங்க நிக்கிற மண்டபத்துல தஞ்சை மராட்டியரோட நடந்த போர், ஐரோப்பியரை ராஜா சந்திக்கிறது, ராமாயணம். மாடியில இருக்குற சின்ன அறைக்குப் போனா ராஜாவோட அந்தரங்க வாழ்க்கை. யார் எதைப் பாக்கணும்ங்கிறதை இடமே முடிவு பண்ணிருக்கு! வளைவுக்கு உள்பக்கம் இருக்குறதைப் பாக்கணும்னா தலையை அண்ணாந்துகிட்டே நாலு அடி நகரணும், ஒரே இடத்துல நின்னா பாதிக்கதைதான் கிடைக்கும்.

சரி, தமிழ்ச்சொல். பரிபாடல் 19-ஆம் பாட்டுல திருப்பரங்குன்றத்து 'எழுத்துநிலை மண்டபம்' வருது. அங்க பூனையா நிக்கிறது இந்திரன், இவ அகலிகை, இவன் கௌதமன்னு ஆளாளுக்குக் கேட்டும் சொல்லியும் ஓவியம் பாக்குறாங்க, வாயை மூடிகிட்டுப் பாக்குற பழக்கமே இல்ல. புறநானூறு 59 ஒரு பாண்டியனைப் பாடுது, அவன் பேரு சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், அதாவது சித்திரமாடத்துல உயிர்விட்டவன்.

என்னைக் கேட்டா சுவரும் ஓவியமும் ஒண்ணா இருக்குற ராமலிங்க விலாசம் மாதிரி இடத்துக்குச் சித்திரமாடம்னே சொல்லணும். படத்தைக் கொண்டு வந்து மாட்டிக் கழட்டுற இடத்துக்கு ஓவியக்கூடம் போதும். சிலை, போட்டோ, வீடியோன்னு கலந்து வச்சா காட்சிக்கூடம்.