முல்தானி மெட்டி: பெயர் வந்த வழியும் தமிழில் அதற்கான பெயரும்

வீட்டில் முகப்பூச்சு தயாரிக்கும் குறிப்புகளில் முல்தானி மெட்டி, முல்தானி மட்டி, முல்தானி மிட்டி என ஒரே பொருளின் பெயர் பலவாறு எழுதப்படுகிறது. இவற்றுள் மூலத்துக்கு நெருக்கமானது 'முல்தானி மிட்டி'. வழக்கில் வென்றதோ 'மெட்டி'. கால்விரலில் அணியும் மெட்டிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, ஒலி மயக்கம் மட்டுமே. முல்தான் என்பது இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள பழைய நகரம். ஊர்ப்பெயரின் ஈற்றில் ஈகாரம் சேர்த்து 'அவ்வூரைச் சார்ந்த' என்று பொருள்படுத்துவது இந்தி, உருது மொழிகளின் வழக்கம். பனாரசி என்ற சொல்லும் அப்படி அமைந்ததே. 'மிட்டி' என்றால் மண். மண்ணைக் குறிக்கும் 'மிருத்திகா' என்ற வடசொல் பிராகிருதத்தின் வழியாகத் தேய்ந்து இந்த வடிவத்துக்கு வந்தது. ஆகவே சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'முல்தான் மண்' என்பதே பொருள். ஆனால் இராஜஸ்தானின் பார்மேர், பிகானேர் பகுதிகளில் தோண்டப்படும் களிமண்ணுக்கும் இதே பெயர் வழங்குவதால், இச்சொல் இன்று ஊரைச் சுட்டுவதை விட்டு வகையைச் சுட்டுகிறது.

இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'ஃபுல்லர்ஸ் எர்த்'. ஃபுல்லர் என்பதை ஒருவரின் பெயராக எண்ண இடமுண்டு. உண்மையில் அது ஒரு தொழிற்பெயர். புதிதாக நெய்த கம்பளித் துணியில் ஆட்டு உரோமத்தின் எண்ணெய்ப்பசை ஒட்டியிருக்கும். அதைத் தொட்டியில் இட்டு, நீரும் களிமண்ணும் சேர்த்து மிதித்து, பசையை நீக்கி, நெசவை இறுகச் செய்தவரை இலத்தீனில் 'ஃபுல்லோ' என்றனர். அதன் வழிவந்ததே ஃபுல்லர். விவிலியத்தின் மல்கியா ஆகமத்தில் ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் சோப்' என்று வரும் தொடரைத் தமிழ் விவிலியம் 'வண்ணாருடைய சவுக்காரம்' என்று பெயர்த்திருக்கிறது. அந்த இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் அதே வழியில் ஃபுல்லர்ஸ் எர்த்தை 'வண்ணார் மண்' என்று பெயர்த்தால் பிழை நேரும். வெளுப்பதற்குத் தமிழில் அறியப்பட்ட மண் உவர்மண். அது காரத்தன்மையால் அழுக்கை நீக்குவது. முல்தானி மெட்டியோ தன் நுண்துகள்களின் பரப்பில் எண்ணெயைப் பற்றிக்கொண்டு நீக்குவது. பெயரை நம்பி உவர்மண்ணைக் குழைத்து முகத்தில் பூசுபவருக்குத் தோல் எரியும்.

ஒப்பனையில் பயன்படும் ஏனைய களிமண்களின் பெயர்களும் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் பிறந்தவையே: ஒன்று, தோண்டிய இடம், மற்றொன்று, செய்யும் வேலை. 'கேயோலின்' என்பது சீனாவின் சிங்தேசென் நகருக்கு அருகிலுள்ள காவோலிங் என்ற இடத்தின் பெயர். 'உயர்ந்த மேடு' என்று பொருள்படும். பீங்கான் செய்முறையை விவரித்து பிரெஞ்சுத் துறவி ஒருவர் 1712இல் எழுதிய கடிதத்தின் வழியாக இது ஐரோப்பாவுக்குச் சென்றது. 'பெண்டோனைட்' என்ற பெயரை 1898இல் வில்பர் நைட் என்ற நிலவியலாளர், அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் உள்ள பெண்டன் பாறை அடுக்கை ஒட்டிச் சூட்டினார். பெண்டோனைட்டின் முதன்மைக் கனிமமான மாண்ட்மோரிலோனைட் பிரான்சில் உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கியது. மொரோக்கோவின் 'கசூல்' மட்டும், 'கழுவு' என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து வந்து, வேலையைச் சொல்கிறது.

இடப்பெயரால் வரும் சிக்கல் என்னவென்றால், அது பொருளின் இயல்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் எடுத்து, ஒன்றில் ஒரு தேக்கரண்டி கேயோலினையும் மற்றொன்றில் அதே அளவு பெண்டோனைட்டையும் தூவிப் பாருங்கள். கேயோலின் நீரைப் பாலாக்கி, மெல்ல அடியில் படிந்துவிடும். பெண்டோனைட் கட்டி கட்டியாக நீரைக் குடித்து உப்பி, சில மணி நேரத்தில் கூழ் போலாகும். முன்னதன் கனிமத் தகடுகளுக்கு இடையே நீர் நுழைவதில்லை. பின்னதன் தகடுகளுக்கு இடையே நுழைந்து அவற்றை விலக்குகிறது. எனவேதான் முன்னது மென்மையாகவும் பின்னது வலுவாகவும் எண்ணெயை இழுக்கிறது. மேலும் பெண்டோனைட்டைக் கரைத்த நீரின் அமில-கார அளவு (pH) பெரும்பாலும் 8 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ 5 என்ற அளவில் சற்றே அமிலத்தன்மை உடையது. வறண்ட தோல் உடையவருக்கான குறிப்பில் வெறுமனே 'களிமண்' என்று எழுதினால் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

இனித் தமிழ்ப் பெயர். 'மண்' என்பது மிக விரிந்த சொல். தோட்டத்து மண்ணும் அதில் அடங்கும். நீர் பட்டதும் குழைந்து ஒட்டும் இயல்பைக் குறிக்கும் 'களி' என்ற முன்னொட்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே முல்தானி மெட்டியை 'முல்தான் களிமண்' என்றும், கேயோலினை 'வெண்களிமண்' என்றும், தோலுக்கென்று தூய்மைப்படுத்தப்பட்ட களிமண்கள் அனைத்தையும் பொதுவாக 'ஒப்பனைக் களிமண்' என்றும் எழுதுவதே என் பரிந்துரை. பெண்டோனைட்டுக்குத் தமிழ்ப் பெயர் புனைய நான் முயலமாட்டேன். 'உப்பும் களி' என்றால் உப்பு கலந்த களி என்றே படிப்பவர் எண்ணுவார். ஆங்கிலத்தின் 'கிளே' நம் 'களி'யிலிருந்து சென்றது என்று சிலர் எழுதுவதையும் இங்கேயே மறுத்துவிடலாம். ஒட்டுதலைக் குறிக்கும் செருமானிய வேரில் பிறந்த அச்சொல்லின் உறவு பசையைக் குறிக்கும் 'குளூ'வோடுதான். களியோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

களிமண்ணோடு சேர்ந்து வரும் சொற்களிலும் கவனம் தேவை. 'ஃபேஸ் மாஸ்க்' என்பதை 'முகமூடி' என்று பெயர்த்தால் படிப்பவருக்குத் திருடன்தான் நினைவுக்கு வருவான்; 'முகப்பூச்சு' என்பதே போதும். 'ஒரு வாரத்துக்குக் குழைத்து வைக்கவும்' என்று எழுதவே கூடாது, ஏனெனில் நீர் சேர்ந்த களிமண்ணில் பதப்பொருள் இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் பெருகும். 'தேவைப்படும்போது தேவைப்படும் அளவு மட்டும்' என்று எழுத வேண்டும். குறிப்புகளில் தவறாமல் வரும் 'நன்றாகக் காயும் வரை' என்ற தொடரையும் மாற்றுவது நல்லது. முழுதும் காய்ந்து வெடிப்பு விட்ட களி, சுருங்கும்போது தோலை இழுத்து வறளச் செய்யும். பூச்சின் ஓரங்கள் வெளிறத் தொடங்கி, நடுவில் இன்னும் ஈரம் தெரியும்போதே கழுவ வேண்டும் என்பதால், அங்கே எழுத வேண்டிய தொடர் 'ஓரம் வெளிறும் வரை' என்பதாகும்.